முதல் எண்ணெய்

எங்கள் மதினி சொர்ணலதா ஓடைப்பட்டியிலிருந்து தேனிக்கு வாழ வந்தது எழுபத்து நாலில். மதினியைக் கட்டிய என் அண்ணன் வைகுண்டராஜுக்கு பஜாரில் எண்ணெய்க்கடை. எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் இல்லாமல் தோசைகூடப் புரண்டு படுக்காது.

வந்த வாரமே மதினிக்கு உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம். "உடம்புச் சூடுதான்" என்று அம்மா சண்முகத்தாய் ஒரு கரண்டி நல்லெண்ணெய் குடிக்கக் கொடுத்தாள். மதினிக்கு மூச்சு இழுத்தது. மறுநாள் தலைமுழுக்கும் அதே எண்ணெயில்தான். வைத்தியத்தில் அம்மாவுக்குச் சலிப்பே கிடையாது.

ஆடிக்குத் தாய்வீடு போன மதினி பளிச்சென்று திரும்பி வந்தாள். வந்த மறுநாளே பழையபடி வீக்கம்.

"நம்ம வீடு பிடிக்கலை, நடிக்கிறா. கூட்டிட்டுப் போகச் சொல்லி அவுக அப்பாவுக்கு ஆளனுப்பு" என்றாள் அம்மா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உதட்டை நடித்து வீங்கவைக்க யாரால் முடியும்?

மதினி அழவில்லை. இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் மனதுக்குள் அலசிப் பார்த்திருக்கிறாள். அரிசி ஒன்றுதான், பருப்பும் ஒன்றுதான்.

"எங்க வீட்ல கடலையெண்ணெய். இங்கன எள்ளெண்ணெய். சின்னதுல எள்ளுருண்டை தின்னப்பவும் இப்படித்தான் வீங்குச்சு" என்றாள் அண்ணனிடம்.

"எங்க எண்ணெயில கலப்படமா?" என்று எகிறினாள் அம்மா.

"சுத்தமான எண்ணெய்தான் அத்தை. எனக்குத்தான் ஆகலை."

மதுரை டாக்டரிடம் போனோம். சுத்தத்தை நிரூபிக்க அம்மா ஒரு கைப்பிடி எள்ளை முடிந்துகொண்டு வந்தாள். டாக்டர் அதையும் கொஞ்சம் கடலையையும் தனித்தனியாக நசுக்கி, மதினியின் கையில் ஒவ்வொரு சொட்டு வைத்து, ஊசியால் லேசாகக் குத்தினார். கடலை வைத்த இடம் சும்மா இருந்தது. எள் வைத்த இடம் அம்மாவின் கண்ணெதிரே புடைத்தது.

"அலர்ஜி. எள் நல்ல எள்தான். இந்தப் பொண்ணுக்கு மட்டும் விஷம். சட்டி, கரண்டிகூடத் தனியா இருக்கணும்" என்றார்.

ஆளனுப்பும் பேச்சு அதோடு போனது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள், பஜாரே பார்க்க, அம்மா எதிரிலிருந்த எண்ணெய்க்கடைக்கு நடந்தாள்.

"என்னக்கா, உங்க கடையில எண்ணெய் தீந்துபோச்சா?" என்று சிரித்தார் கடைக்காரர் பொன்னுராஜ்.

"எங்க கடையில அளக்குற படியெல்லாம் எள்ளெண்ணெய்ல ஊறுனது. எம்மருமகளுக்கு ஆகாது. தேங்காயெண்ணெய் உடைக்காத டின்னாக் குடுங்க."

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் எண்ணெய் எப்போதும் அண்ணன் தலைக்குத்தான். அந்த வருடம் அம்மா மதினியை மணையில் உட்காரவைத்து, முதலில் அவள் தலையில் தேங்காயெண்ணெய் வைத்தாள். அன்று அம்மாவின் கை நல்லெண்ணெயைத் தொட்டது அதற்குப் பிறகுதான்.