தெருவுக்கு முதுகு காட்டும் வீடு

எங்க அத்தான் வெல்டர். அக்காவைக் கட்டிக்கிட்ட புதுசுல, மரக்கடைக்காரர் ஒருத்தரோட காலி மனையை வாடகைக்கு எடுத்து, அதுமேல தன் கையாலயே வீடு கட்டினார். கட்டினார்னா செங்கல்லும் இல்ல, சிமெண்டும் இல்ல. இரும்புச் சட்டம், பலகைச் சுவர், தகரக் கூரை, எல்லாத்துக்கும் போல்ட்டு நட்டு. "மண்ணு அவங்களோடது, வீடு நம்மளோடது. நாளைக்கே கிளம்புன்னா கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடலாம்"னார். "வீடா இது, கட்டிலா?"ன்னு கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வீட்டுலதான் அக்காவுக்குக் கண்ணு மங்கி மங்கி, கடைசியில ஒரேடியாப் போச்சு. வெளியில என் தோளைப் பிடிச்சுக்கிட்டுதான் நடப்பா. உள்ள வந்துட்டா மகாராணி. காலையில அடுப்பு முன்னாடி நின்னா, ஜன்னல் வெயில் இடது கன்னத்துல படணும். அதை வச்சே கையை நீட்டி டீத்தூள், சர்க்கரை எல்லாம் எடுப்பா. ஒரு பாத்திரம் உருளாது.

மரக்கடைக்காரர் போய்ச் சேர்ந்ததும் அவர் மகன் வந்து நின்னான். "நிலம் எங்களோடதுன்னா, மேல நிக்கறதும் எங்களோடதுதானே?"ன்னான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அத்தான் நேரா வக்கீல்கிட்ட போனார். வக்கீல் பழைய ஒப்பந்தத்தைப் படிச்சுட்டு, "வீடு உங்களோடதுதான். ஆனா அது நிக்க இடம் நீங்கதான் தேடணும்"னாராம்.

"வேற வீடுன்னா நான் ஒரு மூலையில உக்காந்துடுவேன், அவ்வளவுதான் என் காலம்"னா அக்கா.

அத்தான் கழட்டினார். சுவர் சுவரா லாரியில ஏறிச்சு. டிரைவர் பக்கத்துல நானும் அக்காவும். வீடு எங்க பின்னாடியே வந்துச்சு. அக்கா தூக்கக் கலக்கத்துல, "கதவைச் சாத்தினியா?"ன்னா. "அது படுத்துக்கிட்டு வருது"ன்னேன். கண்ணை மூடிக்கிட்டே சிரிச்சா.

ஊர் ஓரத்துல இன்னொரு வாடகை மனை. அத்தான் தெருவைப் பார்த்து வாசல் வச்சு, போல்ட்டுக்குப் போல்ட்டு அப்படியே நிறுத்தினார். மறுநாள் காலையில அக்கா அடுப்பு முன்னாடி நின்னா. நின்னுக்கிட்டே இருந்தா. "இன்னும் விடியலையா?"ன்னா. கை தடுமாறி, பால் பாத்திரம் கவிழ்ந்துச்சு. "இது என் வீடு இல்ல"ன்னு மூலையில போய் உக்காந்துட்டா.

சாயங்காலம் அதே ஜன்னல் வழியா வெயில் வந்துச்சு, அக்கா இடது கன்னத்துல விழுந்துச்சு. சட்டுன்னு எழுந்து, "விடிஞ்சிடுச்சு, எல்லாரும் எழுந்திருங்க"ன்னு அடுப்பைப் பத்த வைக்கப் போனா. அத்தான் ஜன்னலையே வெறிச்சுப் பார்த்தார். வீட்டை லாரியில ஏத்தினவர், கிழக்கைப் பழைய மனையிலயே விட்டுட்டு வந்திருக்கார்! மறுநாளே ஸ்பேனரைத் தூக்கிட்டார்.

இப்ப வீடு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. போறவன் வர்றவன் எல்லாம் வெல்டருக்குக் கிறுக்குன்னு சிரிக்கறான். நானே இன்னைக்கும் சேத்துல சுத்திப் போய்த்தான் உள்ள நுழையறேன், அத்தானைத் திட்டிக்கிட்டே.

ஆனா திருப்பி வச்ச முதல் காலையை மறக்கவே மாட்டேன். வெயில் பட்டுச்சு. அக்கா கையை நீட்டி டீத்தூளை எடுத்தா. டீ போட்டு, தம்ளரை எடுத்துக்கிட்டு நேரா நடந்து வந்தா. அத்தான் ஸ்பேனரும் கையுமா நின்னு அழுதுக்கிட்டிருந்தார். மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டிருக்கும்போல.

"ஏன் நிக்கறீங்க? உக்காருங்க, நம்ம வீடுதானே"ன்னா.