அகலத்திரையில் பெண் பார்த்தது

விழுப்புரத்தில் நான் கல்யாண வீடியோ கடை வைத்திருந்தபோது வீட்டுக்கு வீடு அகல டிவி வந்துகொண்டிருந்தது. என் கேமராவோ பழையது, படம் ஏறக்குறைய சதுரமாக விழும். அதை அப்படியே டிவிடியில் ஏற்றினால் புது டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். "இவ்ளோ பெரிய டிவி வாங்கி வெச்சா, படம் இன்னா பாதியில நிக்குது?" என்று சண்டைக்கு வருவார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. டிவிடியாக மாற்றும்போதே படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பிவிடுவேன். மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிவார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

கெடாரிலிருந்து ஒரு விவசாயி வந்து வாய் திறந்தார். அவருடைய மூத்த மகள் கல்யாணத்தை எடுத்தது நான்தான். இளையவளுக்குத் திண்டிவனத்தில் ஒரு வரன். போட்டோ என்றால் ஸ்டுடியோவில் பூசி மெழுகியிருப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் கல்யாண டிவிடியையே கேட்டு வாங்கியிருந்தார்கள். அதில் அக்காவுக்குப் பக்கத்தில் இந்தப் பெண் நிற்கிறாள். பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, ஒடம்புதான் ஜாஸ்தி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"காத்தடிச்சா பறந்துடுவா எம்பொண்ணு! அவளப் பூசணிக்காயா ஆக்கி வெச்சிருக்கியே தம்பி!" என்று கடையில் நின்று கத்தினார் பெண்ணின் அப்பா. கத்தும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. என் சோம்பேறித்தனத்தால் ஒரு கல்யாணம் நிற்கப் போகிறதே என்று பதறி, அந்த டிவிடியைக் கடை டிவியில் போட்டேன்.

படத்தை நிறுத்தி, மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். உயரத்தைவிட அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கடிகாரம் வட்டமாகும்வரை படத்தைக் குறுக்கி, கம்ப்யூட்டரை ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுப் புது டிவிடி எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே திண்டிவனத்திலிருந்து கேள்வி வந்தது: "ரெண்டு பக்கமும் கறுப்பா மறைச்சி வெச்சிருக்காங்களே, அங்க இன்னா இருக்குது?"

பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் பழைய டிவிடி, புது டிவிடி இரண்டையும் போட்டுக் காட்டினேன். கடிகாரம் வரும் இடத்தில் நிறுத்தி, "எதும்மா வட்டம்?" என்று கேட்டேன்.

"இதுதான்" என்று அந்த அம்மா புதியதைக் காட்டினார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "அப்ப பொண்ணு ரொம்ப ஒல்லியா?" என்றார். எனக்கு ரிமோட்டை வீசி எறியலாம் போலிருந்தது. பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "எனக்கு மொத டிவிடியிலயே புடிச்சிட்டுதும்மா."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னாடா?"

"எங்க கேட்ட நீ? டிவியவே பாத்துக்கினு இருந்த."

பெண்ணின் அப்பா எழுந்து வந்து, என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தார்.