ராக்கி கட்ட மாட்டேன்

2004 ஆகஸ்ட். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் எங்கள் வகுப்புப் பெண்களுக்குத் திடீரென்று என்னவோ ஆகிவிட்டது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் "உன் ஆளு யாருடி?" என்பதுதான் பேச்சு. ஆளு என்றால் காதலிக்கும் பையன். எனக்கு யாரும் இல்லை, வேண்டும் என்றும் தோன்றவில்லை. சொன்னால், "சீன் போடாத" என்பார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் என் வகுப்பிலேயே படித்தான். பள்ளி விட்டதும் இருவரும் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி மேற்குத் தாம்பரத்துக்கு நடப்போம். வழியெல்லாம் கிரிக்கெட் சண்டைதான். எனக்கு இருந்த ஒரே நண்பன். அவனைப் போய் என் ஆளு என்று கிளப்பிவிட்டார்கள்.

ராக்கி அன்று பாதிப் பையன்கள் லீவு. பிடித்த பெண் வந்து ராக்கி கட்டிவிட்டால் அண்ணனாகிவிட வேண்டுமே, அந்தப் பயம். இவன் வந்திருந்தான். சாப்பாட்டு இடைவேளையில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் கையில் ராக்கியைத் திணித்தாள்.

"கட்டுடி. கட்டலன்னா அவன் உன் ஆளுதான். மிஸ்கிட்ட சொல்லிடுவோம்."

மிஸ் வீட்டுக்குச் சொல்வார். அத்தோடு நாங்கள் சேர்ந்து நடப்பது முடிந்தது. அவன் தரையைப் பார்த்தபடியே கையை நீட்டினான்.

எனக்கு வந்ததே கோபம். ராக்கியைத் தந்தவள் கையிலேயே திருப்பி அடித்தேன். "கட்ட மாட்டேன். போய்ச் சொல்லுடி!"

வகுப்பே "ஓ" என்று கத்தியது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அதன்பின் என் பக்கமே திரும்பவில்லை. மிஸ்ஸிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. நான் கட்டாததை இவனும் காதல் என்று நினைத்துவிட்டானோ?

மணி அடித்ததும் ஓடினேன். மேம்பாலப் படியில் நின்றிருந்தான்.

"ஏன்டி கட்டல?"

"நீ என்ன, என் அண்ணனா?"

"இல்ல. அப்போ... ஆளா?"

"செருப்பு பிஞ்சிடும்."

"அப்பாடா!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "பயந்தே போயிட்டேன்டி. எனக்கு இந்த ஆளு கீளு எல்லாம் வேணவே வேணாம்."

இன்றைக்கு ஆபீஸிலும் "உன் ஆளு யாரு?" என்ற அதே கேள்வியோடு வருகிறார்கள், எனக்கும் அதே கோபம்தான் வருகிறது. ஆனால் இன்னொருத்தனும் என்னை மாதிரியே இருக்கிறான் என்று தெரிந்த அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு, கோளாறு என்னிடம்தானோ என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.