பல்லேகல பஸ்ஸில் ஓர் ஒத்திகை

பல்லேகல பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். கார்மெண்ட்ஸில் தைப்பவளாம். தையல் பகுதிக்கு மின்விசிறி கேட்டு, அன்று மேலாளர்கள் முன் அவள்தான் பேச வேண்டும்.

"கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா ஐயா?"

கேட்டேன். "பதினேழு தடவை 'அதாவது' சொன்னீங்க" என்றேன்.

"அதையா எண்ணிக்கிட்டு இருந்தீங்க? சரி, எதுக்கு ஃபேன் கேக்கிறோம்னு விளங்குச்சா?"

விளங்கவில்லை என்றேன். சிரித்துவிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"நேத்து பக்கத்து மெஷின் அக்கா வெக்கையில மயங்கி விழுந்துட்டாங்க ஐயா. நாங்க முதல்ல அவங்க தைச்சுக்கிட்டிருந்த துணியைத்தான் மெஷின்ல இருந்து உருவினோம், அழுக்காகிடும்னு. அப்புறந்தான் அக்காவைத் தூக்கினோம்."

"இதையே சொல்லுங்க" என்றேன். இறங்கிப் போனாள்.

மின்விசிறி கிடைத்ததா, தெரியாது. இரண்டாம் முறை, அந்த அக்காவைப் பற்றிச் சொன்னபோது, எத்தனை 'அதாவது' என்பதும் தெரியாது. எண்ண மறந்துவிட்டேன்.