சட்டைப் பையில் ஒரு தரங்கம்பாடிக் காசு

அற்புதம் போய்விட்டான்.

அற்புதராஜ். என் பழைய கம்பெனியில், வந்திறங்கும் பார்ட்ஸைச் சோதிக்கிற இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் பக்கத்து டேபிள். ஒரகடம் ரோட்டைக் கடக்கும்போது ஏதோ வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. எந்த வண்டி என்று இன்னும் தெரியவில்லை.

எனக்குத் தெரிய வந்த விதத்தைத்தான் தாங்க முடியவில்லை... வாட்ஸப்பில் ஒரு ஃபார்வர்ட். "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பது. தெரிந்தவர்கள் தொடர்பு கொள்ளவும்." முகம் பார்க்கிற நிலையில் இல்லை போல. பையில் இருந்த பொருட்களை மட்டும் போட்டோ எடுத்திருந்தார்கள். சாவி. சீப்பு. "சாமி டாலர் ஒன்று."

சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றபடி அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அது டாலர் இல்லை. சின்ன பிளாஸ்டிக் கவர், உள்ளே தேய்ந்துபோன செம்புக் காசு, கவரில் மஞ்சள் டேக். எங்கள் டிபார்ட்மென்டில் மஞ்சள் டேக் என்றால் ஹோல்டு. பாஸும் இல்லை, ரிஜெக்ட்டும் இல்லை, இன்னும் முடிவு சொல்லவில்லை என்று அர்த்தம். காசுக்கு மஞ்சள் டேக் போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அற்புதம் பொறையார்க்காரன். தரங்கம்பாடி பக்கம். டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட இடம். அவர்கள் அங்கே அடித்த சின்னச் சின்னக் காசுகள் மழைக்கு அப்புறம் கடற்கரை மணலில் இப்போதும் கிடைக்குமாம். லீவுக்குப் போனால் பொறுக்கிக்கொண்டு வருவான். மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் கம்பெனி மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிடுவான்.

"இன்னாபா, ராஜா மூஞ்சியே காணோம்?" என்று முதல் தடவை கேட்டேன்.

"இந்தக் காசுல மூஞ்சியெல்லாம் கெடையாது மலரு. மேல கிரீடம், கீழ ராஜா பேரோட மொத எழுத்து, அதோட ஒரு நம்பரு. கிறிஸ்டியனா, ஃபிரெடெரிக்கா, எத்தனாவது ஆளு... எல்லாம் அத வச்சுத்தான் சொல்லணும்."

அவனுடைய முதல் காசின் கதை லைனில் எல்லோருக்கும் தெரியும். பச்சை படிந்திருக்கிறதே என்று, துருப்பிடித்த பார்ட்ஸை முக்குகிற மாதிரி ரஸ்ட் ரிமூவரில் முக்கி எடுத்திருக்கிறான். பளபளவென்று வந்தது. வழவழவென்றும் வந்தது, ஒரு எழுத்துகூட இல்லாமல்.

"ராஜா அந்தப் பச்சையிலதான் இருந்தாரு. நானே கழுவி ஊத்திட்டேன்" என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் அந்தக் காசைத் தூக்கிப் போடவில்லை. ரிஜெக்ட் என்று சிவப்பு டேக் கட்டி டிராயரில் வைத்திருந்தான்.

அதற்கப்புறம் எதிலும் அவசரமே இல்லை. நாங்கள் கிண்டல் செய்தாலும் சரி, சூப்பர்வைசர் முறைத்தாலும் சரி.

பையில் இருந்தது அவனுக்குக் கடைசியாகக் கிடைத்த காசு. "முன்னாடி கிறிஸ்டியன் எழுத்து தெரியுது. பின்னாடி இருக்குற டென்மார்க் வியாபாரக் கம்பெனி எழுத்தும் தெளிவா இருக்கு. அது பின்னால வந்த கம்பெனி. அப்ப ஆறாவது கிறிஸ்டியன், இல்லன்னா ஏழாவது. நம்பருதான் பாதி தேஞ்சு கெடக்கு."

"ஏழுன்னு எழுதி முடிபா. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"தப்பான பேர்ல கெடக்குறதுக்கு பேரே இல்லாம கெடக்கட்டும், வுடு." 'வுடு' எங்கள் ஊர்ப் பேச்சு. என்னைக் கேலி செய்யத்தான் அப்படிச் சொல்வான்.

பேரே இல்லாமல்... ஐயோ, அற்புதம்.

காண்ட்ராக்ட் முடிந்தபோது அவனுடையதை மட்டும் புதுப்பிக்கவில்லை. ஐடி கார்டைக் கழற்றி கேட்டில் கொடுத்துவிட்டு நடந்தான். மைக்ரோஸ்கோப்பும் போயிற்று. டீக்கடையில் பார்த்தால் அந்தக் காசை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கார்டு இல்லாததால்தான் பையில் பேர் போட்ட எதுவுமே இல்லை. போனும் கிடைக்கவில்லை. ஷிஃப்டுக்கு வரவில்லையே என்று போன் போட யாரும் இல்லை. ஊரில் ஒரே அக்கா. அவரிடம் வேலை போனதைச் சொல்லாமல், "ஓ.டி. ஓடுதுக்கா, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லியே ஓட்டியிருக்கிறான். அதனால் அவரும் தேடவில்லை.

மார்ச்சுவரிக்குப் போனேன். துணியை விலக்கினார்கள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கையைக் காட்டச் சொன்னேன்.

வலது கட்டைவிரல் நகம். எப்போதோ பிரஸ் மிஷினில் நசுங்கி, நடுவில் பிளந்தே வளர்ந்த நகம். காசை அதன் மேல் நிறுத்தித்தான் வெளிச்சத்துக்குத் திருப்புவான்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்மா?" கான்ஸ்டபிள் கேட்டார்.

"கூட வேல செஞ்சவரு சார். பேரு அற்புதராஜ். பொறையாரு."

எழுதிக்கொண்டார். பிறகு சாமான்களை எடுத்து வைத்தார். "சாவி... சீப்பு... சாமி டாலரு ஒன்னு..."

"அது டாலர் இல்ல சார். காசு. தரங்கம்பாடி காசு."

"அப்பிடியா? எந்த ராஜா போட்டது?"

ஏழு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் எழுதியிருப்பார்.

"தெரியாது சார். அவருதான் பாத்துக்கினு இருந்தாரு" என்றேன்.

அக்கா வந்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். காசும் கூடவே போய்விட்டது. கவர் பிரிக்கவில்லை. அந்த மஞ்சள் டேக்கை மாற்ற இனி யாரும் இல்லை.

போய் வா அற்புதம்.