பதில் சொல்லாத மேடம்

"நல்ல கத்திரிக்கான்னு கூவுறியே, நல்லதுன்னா இன்னாம்மா?"

கள்ளக்குறிச்சி உழவர் சந்தையில் கோகிலவாணி கேட்கிறார். "புழு இல்லாதது" என்கிறாள் கடைக்காரி. "மருந்தடிச்சாக்கூடத்தான் புழு இருக்காது. அப்ப அது நல்லதா?" கடைக்காரி தராசைக் கீழே வைத்துவிட்டாள். "எம்மா, வாங்கறதுன்னா வாங்கு. இல்லாங்காட்டி போயிக்கினே இரு. காலங்காத்தால ஏன் என் உசுர வாங்கற?"

நாற்பத்து நான்கு வயதில் இப்படிக் கேள்வி கேட்கிற பழக்கம் இனி போகாது. டவுன் பஸ் கண்டக்டர்கூட டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் ஓடிவிடுவார். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு தனியார் பி.எட். கல்லூரி. அங்கே பதினோரு வருடமாகக் கல்வித் தத்துவம் நடத்துகிறார். நாளைக்கு டீச்சராகப் போகிறவர்களுக்கு இவர் டீச்சர்.

சாக்ரட்டீஸ் என்றால் கோகிலவாணிக்கு உயிர். "அவரோட அம்மா பிரசவம் பாக்கறவங்க. பிரசவம் பாக்கறவ, புள்ளையத் தானே பெத்துக் குடுக்க முடியுமா? பதிலும் உங்களுக்குள்ளருந்துதான் வரணும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கேள்வியைப் போட்டுக் காத்திருப்பார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஐம்பது பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்ப்பார்கள். இத்தனை வருடத்தில் ஒருத்தராவது திருப்பி ஒரு கேள்வி கேட்டதுண்டா? மூச்! "நோட்ஸ் குடுங்க மேடம்" என்பதோடு சரி.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வில் நான்கு விடையில் ஒன்றைக் குறிக்கத் தெரிந்தால் போதும். போன வாரம் வகுப்பே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டது: 'மேடத்துக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் எங்களையே கேட்கிறார்.'

கல்லூரி முதல்வர் வெங்கடேசன் மனுவை நீட்டினார். "இன்னா மேடம் இது? திங்கக்கிழமைலருந்து கேள்வி பதிலா சொல்லி எழுத வைங்க. இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்கறோம். சாக்ரட்டீஸ் மாதிரி புடிச்ச புடியில நிக்காதீங்க. அவருக்கின்னா புள்ள குட்டியா இருந்துச்சு? உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

சாக்ரட்டீசுக்கும் மூன்று பிள்ளைகள் என்பது கோகிலவாணியின் நாக்கு நுனிவரை வந்தது. "சரிங்க சார்" என்றார். பஸ்ஸில் வரும்போது, யாருக்காக இத்தனை வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினோம் என்று அழுகை முட்டியது.

திங்கட்கிழமை. "எழுதிக்குங்க. சாக்ரட்டீஸ் முறை. ஆசிரியர் விடை கூறமாட்டார். வினா தொடுப்பார். மாணவர் தாமே சிந்தித்து விடை காண்பார்." பேனாக்கள் விறுவிறுவென்று ஓடின. வராந்தாவில் நின்றிருந்த வெங்கடேசன் திருப்தியாகத் தலையாட்டினார்.

கடைசி பெஞ்சில் பாப்பாத்தி எழுந்தாள். வெள்ளிமலையிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிறவள். பேர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காமல் கையை மட்டும் தூக்குகிறவள்.

"மேடம், டீச்சர் பதில் சொல்லமாட்டாருன்னு எழுதச் சொல்றீங்க. அப்ப நீங்க ஏன் பதிலச் சொல்லிக்கினு இருக்கீங்க?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பாப்பாத்தி சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள நின்றாள்.

 அடிப்பாவி, இத்தனை நாள் எங்கேடி இருந்தாய் என்றிருந்தது கோகிலவாணிக்கு. பதினோரு வருடமாக இந்த ஒரு கேள்விக்காகத்தானே காத்துக் கிடந்தார். வராந்தாவைப் பார்த்தார். வெங்கடேசன் அங்கேயேதான் நின்றிருந்தார்.

கோகிலவாணி உள்ளங்கையைக் கவிழ்த்து, உட்கார் என்று இரண்டு முறை கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினார்.