கணையம் மூட்டிய கோள்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவருக்கு அந்த வருட மருத்துவப் பரிசோதனையில் ஒன்றைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது. கணையம் சுரக்கும் செரிமான நொதிகளான லைபேஸும் அமைலேஸும் ரத்தத்தில் இயல்பைவிட மூன்று மடங்கு. வயிற்றுவலி கிடையாது, வாந்தி கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. "குடிப்பீங்களா?" என்றார் கம்பெனி டாக்டர். இல்லை என்றதும் ஏற இறங்கப் பார்த்தார். காரணம் தெரியும்வரை கிரேனில் ஏறக் கூடாது என்று உத்தரவாயிற்று.

அந்தப் பார்வை வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் மனைவியின் அப்பா குடித்தே கணையம் வெந்து செத்தவர். 'ஒரு சொட்டு தொட்டதில்லம்மா' என்று பெப்பர்மிண்ட் மணக்க மணக்கச் சத்தியம் செய்வார். அடியில் கிடந்த நெடியைக் கண்டுகொள்ளாமல் அவரைக் கடைசிவரை நம்பியது இவள் ஒருத்திதான்.

இப்போது புருஷனின் சட்டையை மோந்து பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை மோந்தாள். வேலைப் பையின் அடியில் கைவிட்டபோது ஒரு பெப்பர்மிண்ட் பொட்டலம் தட்டுப்பட்டது.

"இது எதுக்கு?"

"மேல ஏறினா மதியம்தான் இறங்க முடியும். தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். வாய் காயாம இருக்க இதப் போட்டுக்குவோம். எல்லா கிரேன்காரனும் அப்படித்தான்."

"எங்கப்பாவும் ஒரு காரணம் வச்சிருந்தாரு."

அவர் பொட்டலத்தை வாங்கித் திரும்பப் பைக்குள் போட்டார். அதுவும் அவளுக்கு ஒரு சாட்சியாகவே பட்டது.

ஸ்கேனில் கணையத்தில் ஒரு பழுதும் இல்லை. "சில குடும்பத்துல இது இயல்பாவே கூடுதலா இருக்கும். கூடப்பிறந்தவங்களுக்கும் பாத்துடலாம்" என்றார் வயிற்று டாக்டர்.

கிரேன்காரரின் அக்கா தையற்காரி. ரத்தம் எடுக்கும் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே, தம்பி மனைவியிடம், "என்னடி, என் தம்பி ரத்தத்துல சாராயக்கடை தேடுறியாமே? இங்கயும் தேடிக்கோ" என்றாள்.

முடிவு வந்தது. அக்காவுக்குத் தம்பியைவிட அதிகம்.

"அப்ப நான்தான் இந்தக் குடும்பத்துலயே பெரிய குடிகாரி!" அவள் சிரித்த சிரிப்பில் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. இருவருக்கும் வைத்தியம் வேண்டாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மீண்டும் வேலைக்குக் கிளம்பிய காலையில், அவர் வாசலில் நின்று பொட்டலத்தை மனைவியிடம் நீட்டினார். அப்பா போனபின் அவள் வாயில் வைக்காத பண்டம். ஒன்றை எடுத்தாள். பழக்கதோஷம், முதலில் மோந்துதான் பார்த்தாள்.

அடியில் வேறு நெடி ஏதும் இல்லை. வெறும் மிட்டாய்.